முப்பது டன் மெஷினும் மிஸௌரிப் பெண்ணும்

ஐ.டி. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த எந்தப் பையனையும் பெண்ணையும் கேட்டுப்பாருங்கள். முதல் வருஷக் கதை ஒரே கதைதான். ஆஃபர் லெட்டரில் ஒரு வேலை, உட்காரவைத்தது வேறு வேலை. டாகுமென்ட் கிடையாது. சிஸ்டத்துக்கு ஆக்சஸ் கிடையாது. டெமோவுக்கு முந்தின ராத்திரி புரோகிராம் படுத்துக்கொள்ளும். முட்டிமோதி எழுப்பிக் கொடுத்தால், பார்ட்டிக்குப் போவது மேலே உள்ளவர்கள். "எங்க காலத்துல எல்லாம் இப்படியா?" என்று சீனியர்கள் பெருமூச்சு விடுவார்கள். நம்பாதீர்கள். இந்தத் தொழில் பிறந்த முதல் வருஷத்திலேயே, 1945-46-லேயே, இத்தனையும் நடந்துவிட்டது. ஒன்றுகூட பாக்கியில்லை!

அமெரிக்காவில் மிஸௌரி மாநிலம். ஒரு பண்ணை வீடு. ஏழு பிள்ளைகளில் ஆறாவது, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ். மேரிவில் ஊரில் இருந்த டீச்சர்ஸ் காலேஜில் 1945-ல் பட்டம் வாங்கினார். கணிதத்தை மேஜராக எடுத்து அந்த வருஷம் வெளியே வந்தவர் அவர் ஒருவர்தான். ஃபர்ஸ்ட் ரேங்க்கும் அவரே, லாஸ்ட் ரேங்க்கும் அவரே.

கணக்குப் படித்த பெண் என்ன செய்யும்? டீச்சராகும். ஊரே முடிவு செய்துவிட்டது. ஜென்னிங்ஸுக்கோ எப்படியாவது ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் ராணுவத்துக்குக் கணக்குப் போட ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு மனு போட்டார். உடனே புறப்பட்டு வரவும் என்று தந்தி வந்தது. நள்ளிரவு ரயில் ஏறிவிட்டார். வயசு 20. கேம்பஸ் இன்டர்வியூ கிடையாது, குரூப் டிஸ்கஷன் கிடையாது. உலக மகா யுத்தம் ஒன்று நடந்துகொண்டிருந்தால் எச்.ஆர். எவ்வளவு சுறுசுறுப்பாகிவிடுகிறது பாருங்கள்!

வேலை என்ன? பீரங்கிக்குண்டு எந்தக் கோணத்தில் சுட்டால், எந்தக் காற்றில், எங்கே போய் விழும் என்று அட்டவணை போடுவது. ஒரே ஒரு குண்டின் பாதையைக் கையால் கணக்கிட 30, 40 மணி நேரம். ஒரு பீரங்கிக்கான அட்டவணைக்கு இப்படி ஆயிரக்கணக்கான பாதைகள். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்களை உட்கார்ந்த இடத்தில் பிய்த்து உதறிய இந்தப் பெண்களுக்கு அரசாங்கம் கொடுத்த பதவியின் பெயர் 'கம்ப்யூட்டர்'. கொடுத்த கிரேடு என்ன தெரியுமா? 'சப் புரொஃபெஷனல்'. கணிதப் பட்டம் போதவில்லையாம். மீசையும் இருந்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

அதே ஃபிலடெல்ஃபியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் ஸ்கூலில், பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு ராட்சதன் வளர்ந்துகொண்டிருந்தான். அவன் பெயர் எனியாக். பெற்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜான் மாக்லி, இயற்பியல் பேராசிரியர். உண்மையில் அவருக்குப் பீரங்கியிலெல்லாம் ஆர்வம் கிடையாது. மழை எப்போது பெய்யும் என்று கணக்குப் போட ஒரு மெஷின் வேண்டும், அவ்வளவுதான். மழைக்கு யார் காசு கொடுப்பார்கள்? யுத்தம் வந்தது. மெஷின் பீரங்கிக்கானதாக மாறிவிட்டது. க்ளையன்ட் கேட்பதைச் சொல்லி, தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளும் கலையை நாம் கண்டுபிடிக்கவில்லை சார்.

இன்னொருவர் பிரெஸ்பர் எக்கர்ட். 1943 ஏப்ரல் 9 அன்று ராணுவத்தின் முன்னால் திட்டத்தை வைத்தார்கள். அன்று எக்கர்டுக்கு 24-வது பிறந்தநாள். கேட்டுக்கொண்டிருந்த பெரிய மனிதர் ஆஸ்வால்ட் வெப்ளன் என்ற கணித மேதை. நாற்காலியைப் பின்னால் சாய்த்து ஆட்டிக்கொண்டே கேட்டார். படாரென்று எழுந்தார். கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். 1,50,000 டாலர் ஆகும் என்று ஆரம்பித்த வேலை, ஏறத்தாழ 4,87,000 டாலரில் வந்து நின்றது. எஸ்டிமேட் மூன்று மடங்கு எகிறியதா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். உங்கள் பிராஜெக்ட்டின் கணக்கையும் எடுக்க வேண்டியிருக்கும்.

எக்கர்ட் சாமானியர் இல்லை. சுமார் 18,000 வால்வுகளை ஒரே மெஷினில் போட்டால் எந்த நேரமும் ஏதாவது ஒன்று அவிந்துகொண்டேதான் இருக்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் கேலி செய்தார்கள். வால்வுகளை அவற்றின் முழு சக்திக்குக் கீழேயே ஓட்டி ஆயுளை நீட்டினார் எக்கர்ட். ஒயரை எலி கடித்துவிட்டால்? அதற்கும் ஆராய்ச்சி! எலிகளைப் பட்டினி போட்டு, விதவிதமான ஒயர்களைப் பரிமாறி, எலிகள் எதைச் சீண்டவில்லையோ அதை வாங்கினார். ஆக, உலகின் முதல் டெஸ்ட்டிங் டீமுக்குச் சம்பளம் மட்டுமல்ல, சாப்பாடும் கிடையாது.

எலிவரைக்கும் யோசித்த மேதைகள் ஒன்றை மட்டும் அலட்சியமாக விட்டார்கள். இந்த மெஷினிடம் கணக்கை எப்படிச் சொல்வது? அதெல்லாம் குமாஸ்தா வேலை, கணக்குப் போடும் பெண்களில் நாலைந்து பேரைப் பிடித்து உட்காரவைத்தால் போகிறது என்று நினைத்தார்கள். ஹார்டுவேர்தான் மூளை, மற்றதெல்லாம் எடுபிடி. இன்று ஹார்டுவேர்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அழுதுவிடுவார்கள்.

எடுபிடிக்கு ஆள் எடுத்தார்கள். இன்டர்வியூ செய்தவர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன், ராணுவ அதிகாரி, கணித டாக்டர். ஜென்னிங்ஸிடம் அவர் கேட்ட கேள்வி, மின்சாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்பது. அட, பாடத்தில் வந்த கேள்வி என்று நம்மாள் உற்சாகமாக ஓம்ஸ் லா சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதில்லையம்மா, மின்சாரம் என்றால் பயமா இல்லையா, அதைச் சொல் என்றார் கோல்ட்ஸ்டைன். பயமில்லை. செலக்டட்! அதுவும் ஜென்னிங்ஸ் வெயிட்டிங் லிஸ்ட். முன்னால் இருந்தவர்கள் நழுவியதால் கிடைத்த சீட்டு. நாலு வருஷம் படித்ததில் ஒன்றைக்கூட கேட்காமல் வேலை கொடுப்பது என்ற மரபு இப்படித்தான் துவங்கியது.

மொத்தம் ஆறு பேர். ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், கே மெக்நல்டி, ஃபிரான் பைலஸ், மார்லின் வெஸ்காஃப், ரூத் லிக்டர்மேன். மெக்நல்டி அயர்லாந்துக்காரர். அவர் பிறந்த ராத்திரியே அப்பாவை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பிரிட்டிஷாரை எதிர்த்த போராளி. இந்தப் பெண் ஒயரைப் பார்த்தா பயப்படப் போகிறது? ஸ்னைடரின் கதை வேறு. கல்லூரியில் முதல் நாள் கணித வகுப்பிலேயே, வீட்டில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருக்கலாமே என்று பேராசிரியர் கேட்டுவிட, ஜர்னலிசத்துக்குத் தாவியவர். யுத்தம் அவரை மறுபடி கணக்குக்கே இழுத்துவந்தது. அந்தப் பேராசிரியரின் பெயரைச் சரித்திரம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஸ்னைடரின் பெயர் கீழே வரப்போகிறது, பாருங்கள்.

முதலில் டிரெயினிங். ஏபர்டீன் ராணுவ மையத்தில் பஞ்ச் கார்டு மெஷின்களைப் பழகினார்கள். பழகிக்கொண்டிருக்கும்போதே யுத்தம் முடிந்துவிட்டது. யுத்தத்துக்காகத் துவங்கிய மெஷின், யுத்தம் முடிந்தபோதும் ரெடியாகவில்லை. டெட்லைன் போனதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. டெட்லைன் கொடுத்த ஹிட்லரே போய்ச் சேர்ந்துவிட்டாரே!

திரும்பி வந்தால், ஆறு பேர் கையிலும் ஒரு கட்டு வரைபடம். இதுதான் மெஷின், இதற்கு எப்படிக் கணக்குச் சொல்வது என்று கண்டுபிடியுங்கள். மேன்யுவல்? இனிமேல்தான் எழுத வேண்டும். மெஷினைப் பார்க்கலாமா? கூடாது, ரகசியம், உங்களுக்கு இன்னும் கிளியரன்ஸ் வரவில்லை. உலகின் முதல் புரோகிராமர்களில் ஆறு பேர், பார்த்தே இராத கம்ப்யூட்டருக்கு, எழுதப்படாத புத்தகத்தைப் படித்து, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார்கள். ஆக்சஸ் டிக்கெட் போட்டு இரண்டு வாரம் ஆகிறது என்று புலம்புகிற தம்பிக்கு இதைப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கவும்.

ஒரு நாள் அவர்கள் இருந்த அறைக்குள் ஒருவர் எட்டிப்பார்த்தார். மேல்மாடி இடிந்துவிழுகிறதா என்று பார்க்க வந்தாராம். யார் என்று விசாரித்தால், ஜான் மாக்லி! மெஷினைப் பெற்ற அப்பா! விடுவார்களா? அமுக்கி உட்காரவைத்து, இந்தப் பாழாய்ப்போன அக்யுமுலேட்டர் எப்படி வேலை செய்கிறது, சொல்லிவிட்டுப் போங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். மாக்லி நல்ல வாத்தியார், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தொழிலின் முதல் கே.டி. செஷன் நடந்தது, கட்டடம் சரியில்லாததால்.

ஒருவழியாக மெஷினையும் கண்ணால் பார்த்தார்கள். எடை 30 டன். பெரிய கூடத்தை மூன்று பக்கமும் அடைத்துக்கொண்டு 40 பேனல்கள். வினாடிக்கு 5000 கூட்டல். சரி, ஞாபகத்தில் எவ்வளவு வைத்துக்கொள்ளும்? கணக்கு நடக்கும்போது இருபது எண்கள். லட்சம் இல்லை, ஆயிரம் இல்லை, இருபது! ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் கேபிள்களைப் பிடுங்கிச் செருகி, ஆயிரக்கணக்கான ஸ்விட்ச்சுகளைத் திருப்பி வைக்க வேண்டும். நாள் கணக்கில் ஆகும். கோடு எழுதிவிட்டு ஜிம்முக்குப் போகிறார்கள் இன்று. அன்று கோடு எழுதுவதே ஜிம்.

ஜென்னிங்ஸும் ஸ்னைடரும் ஜோடி சேர்ந்தார்கள். ஒருவர் செய்த தப்பை மற்றவர் கண்டுபிடிப்பதில் இரண்டு பேருக்கும் கொள்ளை ஆனந்தம். மெஷின் கோளாறு செய்தால், எந்த வால்வு போயிற்று என்று, அதைக் கட்டிய இன்ஜினியர்களைவிடச் சீக்கிரம் சொல்லும் அளவுக்கு ஆறு பேரும் தேறினார்கள். இன்ஜினியர்கள் கோபப்படவில்லை. அந்த வேலையையும் இவர்கள் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

ஃப்ரெஷர்களுக்கு முதலில் சின்ன சாம்பிள் பிராஜெக்ட் கொடுப்பார்கள் இல்லையா? எனியாக்கின் முதல் பெரிய கணக்கு 1945 டிசம்பரில் லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. சுமார் பத்து லட்சம் பஞ்ச் கார்டுகள். எதற்கான கணக்கு என்று ஓட்டியவர்களுக்குச் சொல்லவில்லை. ஹைட்ரஜன் குண்டு! மழை எப்போது வரும் என்று கேட்கப் பிறந்த மெஷினின் கன்னி முயற்சி இது.

லாஸ் அலமோஸை இந்த மெஷினிடம் கூட்டிவந்தவர் ஜான் வான் நாய்மன். நூற்றாண்டின் மகா மேதை, எப்போதும் கோட்டும் சூட்டும். கிராண்ட் கேன்யனில் கோவேறு கழுதைமேல் போனபோதுகூட சூட்டைக் கழற்றாத மனிதர். 1944-ல் ஏபர்டீன் ரயில்வே பிளாட்பாரத்தில் கோல்ட்ஸ்டைன் அவரைப் பார்த்து, வாயடக்க முடியாமல் மெஷினைப் பற்றிச் சொல்லப்போக, மேதை ஆலோசகராக உள்ளே வந்தார். எனியாக்குக்கு அடுத்த மெஷினைப் பற்றி எல்லாரும் உட்கார்ந்து பேசியதைத் தன் பாணியில் 101 பக்கம் எழுதினார். 1945 ஜூனில் கோல்ட்ஸ்டைன் அதைச் சுற்றுக்கு விட்டார். முகப்பில் ஒரே பெயர், வான் நாய்மன். எக்கர்ட், மாக்லி பெயர்கள் காணோம். இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் 'வான் நாய்மன் ஆர்க்கிடெக்சர்' என்றுதான் இருக்கிறது. மீட்டிங்கில் யார் பேசினார்கள் என்பது முக்கியமில்லை. மினிட்ஸ் யார் எழுதுகிறார்கள்?

1946 பிப்ரவரி. உலகத்துக்கு மெஷினைக் காட்டும் நேரம். ஒரு சிக்கல். கணக்குப் போடும் மெஷின் பார்ப்பதற்குச் சும்மா நிற்கிறது. இரும்பு பீரோவைக் காட்டி நிருபர்களை எப்படி வாய்பிளக்க வைப்பது? பிங்பாங் பந்துகளை இரண்டாக வெட்டி, எண் எழுதி, பேனலில் இருந்த குட்டி விளக்குகளின் மேல் கவிழ்த்தார்கள். கணக்கு ஓட ஓட, திருவிழா சீரியல் செட் மாதிரி விளக்குகள் ஓடின. அப்புறம் வந்த சினிமாக் கம்ப்யூட்டர்களெல்லாம் இதைப் பார்த்துத்தான் கண்ணடிக்கக் கற்றுக்கொண்டன. மெஷினை ஓட்டினால் ஃபிலடெல்ஃபியாவே மங்கலாகும் என்றுகூட ஒரு கதை கிளம்பியது. சுத்தப் புருடா. ஆனால் மார்க்கெட்டிங் என்ற துறையில் புருடாவுக்குத் தனி மரியாதை உண்டு.

பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு முன்னோட்டம் முடிந்ததும், கோல்ட்ஸ்டைன் தம்பதி ஜென்னிங்ஸையும் ஸ்னைடரையும் டீக்குக் கூப்பிட்டார்கள். ஃப்ரெஷரை மேலிடம் டீக்குக் கூப்பிட்டால் உஷாராக வேண்டாமா? பிப்ரவரி 15 பெரிய விழாவில் குண்டின் பாதையை மெஷின் கணக்கிட வேண்டும், அந்த புரோகிராமை நீங்கள் தயார் செய்ய முடியுமா? இருப்பது இரண்டு வாரம். முடியும் என்றார்கள். முடியாது என்று சொல்லத் தெரிந்த ஃப்ரெஷரை உலகம் இன்னும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 14 ராத்திரி. ஊரெல்லாம் காதலர் தினம். இவர்கள் இருவரும் மெஷினோடு. எல்லாம் கச்சிதம், ஒன்றைத் தவிர. குண்டு மேலே போகிறது, வளைகிறது, இறங்குகிறது, தரையைத் தொடுகிறது, நிற்கவில்லை! பூமிக்குள் புகுந்து அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. மெஷினைப் பொறுத்தவரை தரை என்று ஒன்று கிடையாது. டீன் ஒருவர் எட்டிப்பார்த்து, தேவைப்படும் என்று ஒரு மது பாட்டிலை வைத்துவிட்டுப் போனார். ஸ்விட்ச் ஸ்விட்ச்சாகப் பார்த்தும் தப்பு சிக்கவில்லை. வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள்.

ஸ்னைடர் தூங்கினார். தூக்கத்தில் விடை வந்தது. விடியற்காலை ரயிலைப் பிடித்து வந்து, நேராகப் போய் ஒரே ஒரு ஸ்விட்ச்சை மாற்றினார். குண்டு சமர்த்தாகத் தரையில் நின்றது. மற்றவர்கள் விழித்திருந்து யோசிப்பதைவிட ஸ்னைடர் தூங்கிக்கொண்டே நன்றாக யோசிப்பார் என்பது ஜென்னிங்ஸ் கொடுத்த சர்டிஃபிகேட். ஆபீஸில் தூங்கி மாட்டிக்கொள்பவர்கள் இந்த வரியை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

விழா அமர்க்களம். நிஜமான குண்டு விழ 30 வினாடி ஆகும். மெஷின் 20 வினாடியில் சொல்லிவிட்டது. குண்டு வந்து விழுவதற்கு முன்னாலேயே அது எங்கே விழும் என்று தெரிந்துவிட்டது! கைதட்டல். கணக்கு அச்சான தாளை விருந்தினர்கள் ஞாபகார்த்தமாக வாங்கிக்கொண்டு போனார்கள். ராத்திரி ஹூஸ்டன் ஹாலில் மெழுகுவத்தி ஏற்றிப் பெரிய விருந்து. தளபதிகள், விஞ்ஞானிகள், இன்ஜினியர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆறு பெண்களுக்கும் அழைப்பு இல்லை. எலும்பை நடுக்கும் குளிரில் வீட்டுக்குப் போனார்கள். குண்டுக்குத் தரை எது என்று காட்டியவர்களுக்கு, அவர்கள் இடம் எது என்று காட்டிவிட்டார்கள்.

அத்தோடு விட்டார்களா? அதே வருஷம் ராணுவம் ஆள் சேர்க்க ஒரு விளம்பரம் போட்டது. எனியாக் படம். அசல் படத்தில் பெண்களும் நின்று வேலை செய்கிறார்கள். விளம்பரத்தில் ஒரே ஒரு ராணுவ வீரர் மட்டும், மற்றவர்களை ஓரத்தோடு கத்தரித்தாயிற்று. ஃபோட்டோஷாப்புக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே! 1980-களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி பழைய படங்களைப் பார்த்து, இந்தப் பெண்கள் யார் என்று கேட்டார். சும்மா மாடல்கள், ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் பக்கத்தில் நிற்பார்களே அந்த மாதிரி, என்று பதில் வந்தது. ஃபிரிட்ஜைத் திறக்கவாவது தெரியும் என்று ஒப்புக்கொண்டார்களே, அதுவரை சந்தோஷம்.

பெருமைக்கு அடித்துக்கொண்ட பெரியவர்கள் என்ன ஆனார்கள்? கோல்ட்ஸ்டைன் 1972-ல் புத்தகம் எழுதினார். விழாவில் ஓடிய அந்தக் கணக்கைத் தயார் செய்தது தானும் தன் மனைவியும்தான் என்றார். ஜென்னிங்ஸ் அதைப் பச்சைப் பொய் என்றார். எக்கர்டும் மாக்லியும் பேடன்ட் தகராறில் பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேறி, சொந்தக் கம்பெனி துவங்கினார்கள். பேடன்ட் கடைசியில் கிடைத்தது. வழக்கும் வந்தது. 1973 அக்டோபர் 19 அன்று நீதிபதி லார்சன் அந்த பேடன்ட் செல்லாது என்றார். அடிப்படை யோசனைகளை மாக்லி அடனாசாஃப் என்ற இன்னொரு பேராசிரியரிடமிருந்து பெற்றார் என்பது தீர்ப்பு. வான் நாய்மனின் அந்த 101 பக்கமும் பேடன்ட்டுக்குக் குழி பறித்த காரணங்களில் ஒன்று. சரி, பேப்பரிலாவது பெரிதாக வந்ததா? மறுநாள் ராத்திரி அதிபர் நிக்ஸன் தன்னை விசாரித்த அதிகாரியையே வேலையை விட்டுத் தூக்கிவிட்டார். அமெரிக்காவின் எல்லாப் பேப்பரும் அதற்கே போய்விட்டது. முப்பது வருஷ அகங்காரச் சண்டையின் கிளைமாக்ஸுக்கு ஆடியன்ஸே இல்லை!

நம் மிஸௌரிப் பெண்? எனியாக்கை, கேபிள் பிடுங்காமல் கட்டளைகளைப் படித்து ஓடும் மெஷினாக மாற்றிய வேலைக்குத் தலைமை தாங்கினார். பினாக், யூனிவாக் என்று அடுத்தடுத்த மெஷின்களில் வேலை செய்தார். திருமணமாகி ஜீன் பார்டிக் ஆனார். 1997-ல்தான் ஆறு பேரையும் 'விமன் இன் டெக்னாலஜி' கௌரவப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த வருஷம் கணித மேஜராக அவர் ஒருவர் மட்டுமே வெளியே வந்த அந்தக் காலேஜில் இன்று அவர் பெயரில் கம்ப்யூட்டர் மியூசியமே இருக்கிறது.

ஆகவே, முதல் வருஷ ஃப்ரெஷர்களே! அப்ரைசலில் 'மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்று போட்டால் மனம் உடையாதீர்கள். இந்தத் தொழிலில் நல்ல பெயர் வர ஐம்பது வருஷம் ஆகும், அது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். பெயர் மெதுவாக வரட்டும். இன்கிரிமென்ட்டை மட்டும் இந்த ஏப்ரலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.